முதலில் துணி, பிறகுதான் பொலிஷ்

தங்கச்சி, காரை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு எந்தப் பொலிஷ் நல்லது என்று கேட்டிருக்கிறாய். பொலிஷ் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். முதலில் துணி, அடுத்தது ஷாம்பூ, பிறகு இரண்டு வாளி. அந்த ஒழுங்கைக் குழப்பினால், கொழும்பிலிருந்து எவ்வளவு விலை கூடிய போத்தலை எடுப்பித்துப் பூசினாலும் ஒரு கோடைக்குள் கார் மங்கிவிடும். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாங்குளம் சந்தியில் எது கிடைக்கும், எதற்கு வவுனியாவோ கிளிநொச்சியோ போக வேண்டும், எதைப் பாசலில் எடுக்கலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காரைப் பவுத்திரமாக வைத்திருக்க வேண்டிய காலம் இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்கள் என்ன விலைக்குப் போயின என்று உனக்கே தெரியும். இறக்குமதி திறந்த பிறகும் வரி சேர்ந்து விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. சீட்டுக் கட்டி, லீசிங் எடுத்து நீ வாங்கின வேகன் ஆர் இன்னும் கனகாலம் ஓட வேண்டும். ஒருநாள் விற்க வந்தாலும், வாங்க வருகிறவர் எஞ்சினைத் திறந்து பார்க்கும் முன் பெயின்றைத்தான் சுற்றிப் பார்ப்பார்.

தூசு என்ன செய்கிறது

ஏ9 வீதி காப்பெற். ஒட்டுசுட்டான் பக்கம் போகிற பெரிய வீதியும் பறவாயில்லை. அதிலிருந்து இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பினால் கிரவல்தான். கோடையில் சோளகம் அடிக்கத் தொடங்கினால், ஓடாமல் நிற்கிற காரிலும் அரை நாளில் செம்புழுதி படிந்துவிடும். அந்தப் புழுதியைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார். பூவாக இருக்கிற தூசுக்குள் குருணி குருணியாக ஏதோ நெருடும். அது மணல், அதாவது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் குவார்ட்சுக்கு 7. சாதாரண இரும்பு ஆணியை அதனால் கீறலாம். கார்ப் பெயின்ற் அதற்கு எந்த மூலைக்கு?

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படை இருக்கிறது. கிளியர் கோற் என்பார்கள். மினுக்கம் வருவதும் அதிலிருந்துதான், வெயிலைத் தாங்குவதும் அதுதான். அதன் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன். போட்டோ கொப்பி எடுக்கிற ஏ4 தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்ரோன். தாளில் அரைவாசிதான் உன் காருக்கு உள்ள கவசம் என்று வைத்துக்கொள். அது தேய்ந்தால் திரும்பி வளராது.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், காலையில் வேலைக்கு வெளிக்கிடும் முன் பழைய சாரத்தாலோ பெனியனாலோ காரை உலரத் துடைக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் அந்தத் துணி மணலைப் பிடித்து பெயின்றின் மேல் இழுத்துக்கொண்டே போகிறது. பத்து மணி வெயிலில் பொனற்றைச் சரிவாகப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரிகிறதே, அவ்வளவும் உலர்ந்த துணி போட்ட கோடு. கோழி இறகுத் துடைப்பமும் அதே வேலையைத்தான் செய்யும். தூசு படிந்த காரின் மேல் கவர் போட்டு மூடிவிட்டால் காற்று அந்தக் கவரை இரவு முழுக்க அரைத்துக்கொண்டிருக்கும். கழுவித் துடைத்த காருக்கு மட்டும் கவர் போடு. முடிந்தால் கவரை விட்டுவிட்டு நான்கு தூணில் ஒரு தகரக் கொட்டில் போடு.

துணி வாங்கும்போது

மைக்ரோபைபர் துணி என்று கேட்டு வாங்கு. பொலியெஸ்ரர் இழையையும் பொலிஅமைட் இழையையும் சேர்த்து, தலைமுடியைவிட மிக மெல்லியதாகப் பிளந்து நெய்தது. அந்தப் பிளவுகளுக்குள் தூசு ஏறி ஒளிந்துகொள்ளும். பருத்தித் துணியில் அது மேலேயே நிற்கும். லேபலில் 80/20 அல்லது 70/30 என்று இருக்கும். சின்ன எண் பொலிஅமைட்டின் பங்கு. அது கூடினால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஜிஎஸ்எம் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். ஒரு சதுர மீற்றர் துணியின் நிறை எத்தனை கிராம் என்பது அது. காரின் உடம்பைத் துடைக்க 300 முதல் 400 வரை காணும். ஈரம் ஒற்றுகிற பெரிய துவாய் என்றால் 500க்கு மேல் பார்.

லேபல் பொய் சொல்லலாம். கை பொய் சொல்லாது. துணியை விரித்து உலர்ந்த உள்ளங்கையால் மெதுவாகத் தடவு. குசினி வேலையும் தோட்ட வேலையும் செய்கிற கைக்கு விரல் நுனியில் சொரசொரப்பு இருக்கும். நல்ல மைக்ரோபைபர் அந்தச் சொரசொரப்பில் கொழுவிப் பிடிக்கும். கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருக்கும். வழுக்கிக்கொண்டு போனால் அது இழை பிளக்காத வெறும் பொலியெஸ்ரர், வாங்காதே. ஓரத் தையலையும் பார். தடித்த நைலோன் நூலால் தைத்த ஓரமே பெயின்றைக் கீறும். துணியில் தைத்திருக்கிற லேபலை வீட்டுக்கு வந்ததும் வெட்டி எறி.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பூட் சிட்டி போன்ற சுப்பர் மார்க்கெற்றுகளில், வீட்டுச் சாமான் தட்டில், மெல்லிய மைக்ரோபைபர் துணிகள் நான்கைந்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். டாஷ்போட்டுக்கும் கண்ணாடிக்கும் அவை நல்லவை. பெயின்றுக்கு தடித்தது வேண்டும். பெற்றோல் செற்றில் பிளாஸ்ரிக் குழாய்க்குள் ஈரமாக வைத்து விற்கிற மஞ்சள் ஷமியும் தண்ணீர் ஒற்ற உதவும். ஆனால் அதற்கு இழை இல்லாதபடியால் மீந்திருக்கிற மணல் ஒளியவே இடமில்லை. காரை வடிவாகக் கழுவின பிறகு மட்டும் அதைத் தொடு.

நிறம் பிரித்து வைத்துக்கொள். நீலம் உடம்புக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, சாம்பல் கதவின் உள் ஓரங்களுக்கு என்று நீயே தீர்மானி. நிலத்தில் விழுந்த துணியை உதறிவிட்டுத் திரும்பக் காரில் வைக்காதே. அது அன்றிலிருந்து ரயர் துணி. கழுவும்போது வீட்டு உடுப்போடு சேர்க்காதே, பருத்திப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கொம்போர்ட் மாதிரியான மிருதுவாக்கி போட்டால் இழையின் பிளவு அடைபட்டுப் போகும். அயர்ன் பண்ணினால் இழை உருகும். முற்றத்துக் கொடியில் காயப்போட்டால் புழுதி பிடித்துவிடும், விறாந்தைக்குள் போடு.

ஷாம்பூவும் வாளியும்

சன்லைட், விம், உடுப்புத் தோய்க்கிற பவுடர் மூன்றும் காருக்கு வேண்டாம். எண்ணெய்ச் சட்டியின் எண்ணெயை எடுக்கத்தான் அவை செய்யப்பட்டவை. காரில் பூசின மெழுகையும் அதே மாதிரி எடுத்துவிடும். சலவைப் பவுடரில் காரம் அதிகம். றப்பர் பீடிங்கும் கறுத்த பிளாஸ்ரிக் பகுதிகளும் நாளடைவில் வெளுக்கும். கார் ஷாம்பூ வாங்கும்போது பிஎச் 7 அளவில், நடுநிலை என்று எழுதியிருக்கிறதா என்று பார். எத்தனை லீற்றர் தண்ணீருக்கு எத்தனை மூடி என்பதையும் பார். செறிவான ஷாம்பூவில் ஒரு லீற்றர் போத்தல் ஒரு வருடத்துக்கு மேல் போகலாம். விலையைப் போத்தலுக்குக் கணக்குப் பார்க்காமல் ஒரு கழுவலுக்குக் கணக்குப் பார்த்தால்தான் எது மலிவு என்று விளங்கும்.

சந்தியில் உள்ள ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் ஷாம்பூ கிடைக்கும். சில இடங்களில் ட்ரம்மில் இருந்து ஊற்றி வெறும் தண்ணீர்ப் போத்தலில் அடைத்து வைத்திருப்பார்கள். மலிவு என்று எடுத்துவிடாதே. இறக்குமதிச் சாமான் என்றால் இறக்குமதியாளரின் பெயர், விலாசம், உச்ச சில்லறை விலை, தொகுதி இலக்கம் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டின விலைக்கு மேல் கேட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கடைக்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. லேபலைத் திருப்பிக் காட்டி நிதானமாகக் கேட்டாலே பலர் சரியான விலைக்கு வந்துவிடுவார்கள்.

வாளிக்குக் காசு செலவழிக்காதே. வீடு கட்டுகிற இடங்களில், ஹார்ட்வெயார்களில், வெறும் பெயின்ற் வாளி கிடைக்கும். வடிவாகக் கழுவி இரண்டு எடு. ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையைக் காரில் ஒரு கதவளவு ஓட்டினதும் முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவுக்குள் முக்க வேண்டும். வெளிநாட்டில் வாளிக்கு அடியில் வைக்கவென்றே தட்டி விற்கிறார்கள். எங்களுக்குத் துளையுள்ள சின்னப் பிளாஸ்ரிக் கூடையைக் கவிழ்த்து வைத்தால் போதும். மணல் கூடைக்குக் கீழே போய் அடங்கும், கையுறை அதைத் தொடாது. முதல் தரம் கழுவி முடித்த பிறகு அந்த வாளியின் அடியைப் பார். அங்கே கிடக்கிற சிவப்பு மண் அவ்வளவும் உன் பெயின்றில் உரசியிருக்க வேண்டியது.

கையுறை என்றது நூல்புழு தொங்குகிற மாதிரியான மைக்ரோபைபர் உறையை. சதுர ஸ்பொஞ்சின் முகம் தட்டையானது. மணலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்கும். அது றிம்முக்கும் ரயருக்கும் போகட்டும்.

எங்கள் தண்ணீர்

வன்னியில் கிணற்றுத் தண்ணீரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் கடினத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறதல்லவா, அதே சுண்ணாம்புதான் காரில் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வட்டப் புள்ளியாக நிற்கிறது. கறுப்பு, கடும் நீலக் கார்களில் அது கண்ணைக் குத்தும். வெயிலில் விட்டால் பெயின்றையே தின்னும். ஆகையால் நிழலில் கழுவு. காலை எட்டு மணிக்கு முன் அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பின். ஒரு பக்கம் கழுவினதும் அந்தப் பக்கத்தை ஒற்றி எடு. முழுக் காரையும் கழுவிவிட்டுத் துடைக்கலாம் என்றால் கூரை காய்ந்துவிடும்.

மாரியில் பீலியால் வருகிற மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து மூடி வை. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. கடைசி அலசலுக்கு அதில் ஒரு வாளி ஊற்றினால் புள்ளியே விழாது. கோடையில் கண்ணாடிக்கு மட்டும் வேண்டுமென்றால், ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் பற்றரிக்கு விடுகிற சுத்தத் தண்ணீர்ப் போத்தல் விற்பார்கள். அதில் கொஞ்சம் ஸ்பிறே போத்தலில் விட்டுத் துடை. ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் நனைத்து, ஒரு நிமிடம் ஒற்றிப் பிடித்துவிட்டு உடனே அலசு. அமிலம் அதிக நேரம் நிற்கக் கூடாது.

ஆவணி மாதத்துக்குக் கிணறு எவ்வளவு கீழே இறங்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஹோஸைத் திறந்துவிட்டுக் கழுவாதே. பூவாளியால் மேலிருந்து ஊற்றித் தளர்ந்த மண்ணை இறக்கிவிட்டு, பிறகு இரண்டு வாளியோடு முடிக்கலாம். கூரை, கண்ணாடி, பொனற், கதவின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பகுதி. கையை வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழு. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய் வந்தால் மட்டும் தண்ணீரில் சிக்கனம் பார்க்காமல் அடிப்பகுதியை நன்றாக அலசு. உப்பு அங்கே மறைந்திருந்து இரும்பைத் தின்னும்.

ஊர்க் கறைகள்

காக எச்சமும் வௌவால் எச்சமும் பாலைப்பழக் காலத்தில் பெரும் தொல்லை. எச்சத்தில் உள்ள அமிலம் வெயில் சூட்டில் கிளியர் கோற்றுக்குள் இறங்கும், ஒருநாளில் அடையாளம் விழும். கண்டவுடன் சுரண்டாதே. ரிசு ஒன்றை நனைத்து அதன் மேல் பத்து நிமிடம் வை. ஊறினதும் தூக்கி எடு, தேய்க்காதே. புளியங்குளம், கனகராயன்குளம் பக்கம் இரவில் ஓடி வந்தால் பம்பரில் அப்புகிற பூச்சிக்கும் இதே வைத்தியம்.

வேம்பு, மா மரத்துப் பிசினுக்குப் பாமசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிற் போதும். துணியில் கொஞ்சம் எடுத்து ஒற்றினால் பிசின் கரையும். கொரோனா காலத்தில் மிஞ்சின கை கழுவுகிற ஜெல்லைப் போடாதே, அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுபிசுக்கும். தார் தெறித்திருந்தால் மண்ணெண்ணெய் ஒரு துளி, அல்லது டபிள்யூடி-40. கரைந்ததும் அந்த இடத்தை ஷாம்பூ போட்டுக் கழுவிவிடு.

எங்கள் ஆட்களுக்கு மண்ணெண்ணெயில் ஒரு பெரிய நம்பிக்கை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டின சனம் நாங்கள். மொறிஸ் மைனரையும் ஏ40யையும் அப்படித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள், அந்த மனிதர்களின் கைத்திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் காரை முழுக்க மண்ணெண்ணெயாலோ தேங்காய் எண்ணெயாலோ துடைத்தால் வருகிற மினுக்கம் ஒருநாள் மினுக்கம். அந்த எண்ணெய்ப் படையில் அடுத்த நாள் புழுதி முழுவதும் வந்து ஒட்டும், றப்பரும் ஊதிப்போகும்.

முறிகண்டியில் பூசை செய்து தேங்காய் உடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எல்லோரும் செய்கிறது, நீயும் செய்திருப்பாய். அன்று பின்னேரமே ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துவிடு. வெள்ளைக் காரில் குங்குமச் சாயம் வெயில்பட்டால் இளஞ்சிவப்பாக ஊறி நிற்கும். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டச் சொல். சில்லுக்கு வைத்த எலுமிச்சம்பழச் சாறு அலுமினிய றிம்மில் தெறித்திருந்தால் அதையும் அலசிவிடு.

இப்போது பொலிஷ்

கடையில் எல்லாவற்றையும் பொலிஷ் என்றே சொல்வார்கள். உண்மையில் மூன்று தனித்தனிச் சாமான். கொம்பவுண்ட் என்பது அரைக்கிற பசை. கிளியர் கோற்றைக் கொஞ்சம் சீவி எடுத்துக் கீறலை மறைக்கிறது. பொலிஷ் அதையே இன்னும் மென்மையாகச் செய்கிறது. வக்ஸ் எதையும் அரைக்காது, மேலே ஒரு காப்புப் படை போடுகிறது. வருடம் முழுக்க உனக்கு வேண்டியது வக்ஸ்தான். கொம்பவுண்ட் போட்டால் மினுங்கும் என்று மாதத்துக்கு ஒருதரம் தேய்த்தால் அந்த அரைத்தாள் கவசம் எத்தனை வருடத்துக்கு நிற்கும்? நகத்தால் தடவும்போது நகம் தட்டுப்படுகிற கீறல் கொம்பவுண்டால் போகாது. அதற்குக் கதவுச் சட்டத்திலோ எஞ்சின் பெட்டியிலோ உள்ள தகட்டில் நிற இலக்கத்தைப் பார்த்து, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பெயின்ற் கலக்கிற கடையில் சின்னப் போத்தல் எடுக்க வேண்டும். பிராசோ, பற்பசை இரண்டையும் பெயின்றுக்குக் கிட்டக் கொண்டுவராதே.

வக்ஸ் போடும் முன், கழுவின பொனற்றில் கையை ஒரு மெல்லிய ஷொப்பிங் பைக்குள் விட்டுத் தடவிப் பார். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளால் தெரியும். இருந்தால் கிளே பார் வேண்டும். களிமண் கட்டி மாதிரியான அதை ஷாம்பூத் தண்ணீர் தெளித்து வழுக்கி வழுக்கி ஓட்டினால் ஒட்டியிருக்கிற துகள்களைப் பிடுங்கும். நிலத்தில் விழுந்த கட்டியை எறிந்துவிடு. இது மாங்குளத்தில் கிடைக்காது, வவுனியாவிலும் சில கடைகளில்தான். வருடத்துக்கு ஒருதரம் செய்தால் காணும்.

வக்ஸில் கர்னோபா என்ற பெயரைக் காண்பாய். பிரேசிலின் வடகிழக்கில், மழை குறைந்த வெட்டையில் வளருகிற ஒரு பனை அது. ஓலை எங்கள் பனை போல விசிறியாகத்தான் இருக்கும். வெயிலில் ஓலையின் ஈரம் ஆவியாகாமல் இருக்க அந்த மரம் தன் ஓலையில் மெழுகு சுரந்து பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்து, உதிருகிற தூளை உருக்கி எடுக்கிறார்கள். தேன்மெழுகு 62, 64 பாகை செல்சியசில் உருகும். கர்னோபா 80 பாகை தாண்டித்தான் உருகும். சித்திரை வெயிலில் கடும் நிறப் பொனற் 60, 70 பாகை வரை ஏறுகிற ஊரில் இந்த வித்தியாசம் பெரிது. ஆனாலும் கர்னோபா எங்கள் வெயிலுக்கு ஓரிரு மாதம்தான் நிற்கும். செயற்கை சீலன்ற் அதைவிடக் கூடிய காலம் நிற்கும். செராமிக் ஸ்பிறே என்று விற்கிறவற்றில் சிலிக்கா சேர்ந்திருக்கும். பூசச் சுலபம், தண்ணீர் உருண்டு ஓடும். ஆனால் ஐந்து வருட உத்தரவாதம் என்று ஸ்பிறே போத்தலில் எழுதியிருந்தால் நம்பாதே.

கொம்பனிப் பெயரைப் பெரிதாக எடுக்காதே. 3எம், ரேட்டில் வக்ஸ், சொனக்ஸ், மெகுவயர்ஸ் எல்லாம் நம்பலாம். மெகுவயர்ஸ் 1901இல் தளபாடப் பொலிஷ் செய்யத் தொடங்கிய குடும்பத்தின் கொம்பனி, 2008இலிருந்து 3எம்மின் கையில். அசலா என்று பார்ப்பதுதான் உன் வேலை. மூடியின் சீல், லேபலில் எழுத்துப் பிழை, தொகுதி இலக்கம் போத்தலில் அச்சடிக்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் கவனி.

பூசும்போது காசளவு எடுத்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு கதவு. மெல்லியதாகப் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் துடைத்து எடு. தடிப்பாகப் பூசினால் கை நோகுமே தவிர மினுக்கம் கூடாது. கறுத்த பிளாஸ்ரிக்கில் வக்ஸ் பட்டால் வெள்ளையாகப் பிடிக்கும், முதலே பெயின்ற் ரேப் ஒட்டிக்கொள்.

மெஷினுக்கு ஆசைப்படாதே. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிற அங்கிள் கிரைண்டரில் பஞ்சைப் பூட்டிப் பொலிஷ் பண்ணலாம் என்று யாராவது சொல்வார்கள். கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். பொலிஷ் மெஷின் 3,000க்குள். கிரைண்டர் இரண்டு விநாடியில் பெயின்றை எரித்துத் தகரம் தெரிய வைத்துவிடும்.

எங்கே வாங்குவது

சந்தியிலேயே முடிகிறவை: வாளி, பூவாளி, ரயருக்கு ஸ்பொஞ், ஒரு அங்குலப் பெயின்ற் பிறஷ், வோட்டர் பேப்பர், பற்றரித் தண்ணீர், ஷாம்பூ. சேர்ஜிக்கல் ஸ்பிரிற் பாமசியில். தடித்த துவாய், கையுறை, வக்ஸ் மூன்றுக்கும் வவுனியா நல்லது. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், அதே நாளில் வேறு அலுவலையும் பார்த்துக்கொண்டு வரலாம். அங்கே கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதால்தான் துணிக்கு அங்கே போகச் சொல்கிறேன்.

கிளே, சீலன்ற், செராமிக் ஸ்பிறே மாதிரியானவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை பெரிய இடம். தெரிந்தவர்கள் போனால் வாங்கி ஏ9ஆல் வருகிற யாழ்ப்பாண பஸ்ஸில் பாசலாகப் போடச் சொல், சந்தியில் இறக்கி எடுக்கலாம். திரவம் என்றால் மூடியை ரேப்பால் சுற்றிப் பொலித்தீனில் கட்டச் சொல். டராஸில் எடுப்பதானால் விற்பவரின் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதினதை முதலில் வாசி; படத்தில் உள்ள கொள்ளளவும் எழுத்தில் உள்ள கொள்ளளவும் ஒன்றா பார்; பாசல் வந்ததும் திறக்கும்போதே போனில் வீடியோ எடு. உடைந்திருந்தாலோ மாறி வந்திருந்தாலோ பேச அதுதான் சாட்சி.

உள்ளே

உள்ளுக்குப் பெரிதாக வாங்க ஒன்றுமில்லை. காற்றுத் துளைகளுக்குப் பெயின்ற் பிறஷ், மற்றதுக்கு ஈர மைக்ரோபைபர். டாஷ்போட்டைப் பளபளக்க வைக்கிற சிலிக்கோன் எண்ணெய் வேண்டாம். வெயிலில் அது முன் கண்ணாடியில் மின்னி ரோட்டை மறைக்கும், புழுதியும் ஒட்டும். டாஷ்போட் பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஏசி பில்டர் இருக்கும். கிரவல் ஒழுங்கையில் ஓடுகிற காருக்கு அது கெதியில் அடைபடும். இழுத்துப் பார்த்தால் நீயே திடுக்கிடுவாய். அதற்குப் பொலிஷைவிட முதல் காசு கொடு, பிள்ளைகள் சுவாசிக்கிற காற்று அது.

உன் சிநேகிதியிடம் இருக்கிற அக்வாவுக்கும் பிரியஸுக்கும் இன்னொன்று சொல்லிவிடு. பின் சீற்றுக்கு அருகில் ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று இழுக்கிற துளை இருக்கும். அதில் தூசு அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வக்யூமால் இழுக்க வேண்டும், தண்ணீர் தெளிக்கக் கூடாது. எஞ்சின் பக்கம் செம்மஞ்சள் நிற வயர் கண்டால் அது உயர் அழுத்த மின்சாரம், கையும் ஹோஸும் அங்கே போகவே கூடாது.

ஹெட்லைற் மஞ்சளாகியிருந்தால் புதிது வாங்க ஓடாதே. அது பொலிகார்பனேற், மேலே இருந்த வெயில் காப்புப் படை போனதால் மஞ்சள் பிடித்திருக்கிறது. வோட்டர் பேப்பர் 1000, 1500, 2000, முடிந்தால் 3000 என்று ஒழுங்காக, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு பொலிஷால் முடித்தால் தெளிந்துவிடும். சுற்றியுள்ள பெயின்றுக்கு ரேப் ஒட்டிவிட்டுத் தொடங்கு. முடித்ததும் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சீலன்ற் போடாவிட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். இரவில் மாடுகள் படுத்திருக்கிற ரோட்டில் ஓடுகிறவளுக்கு இது அழகு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

கடைசியாக, வக்ஸ் போட நல்ல நேரம் புரட்டாதி நடுப்பகுதி. புழுதி அடங்கத் தொடங்கி மாரி தொடங்கும் முன். மழைச் சேறு அந்தப் படையின் மேல் நின்றால் தண்ணீர் ஊற்றினாலே வழுகிப் போகும். கிளேயும் கொம்பவுண்டும் நீ வாங்காதே. என்னிடம் பாதிப் போத்தலுக்கு மேல் கிடக்கிறது, மூன்று வீட்டுக்குக் காணும். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை விடிய காரோடு வா, என் ஓட்டோவைக் கொட்டிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறேன்.